உபதேசியார் வண்டிக்கு நான் ஊற்றியது

ஜெபசிங் உபதேசியாரின் வண்டியைக் கெடுத்தவன் நான். அவரல்ல... நான்!

இதை எந்தக் கமிட்டியிலும் நான் சொல்லவில்லை. எந்தப் போதகரிடமும் சொல்லவில்லை. என் மனைவி எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரிந்தவர்களிடம் சொல்லத் துணிவிருந்தால் உங்களைத் தேடி வந்திருப்பேனா?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் தகப்பனார் தூத்துக்குடிப் பக்கமிருந்து பட்டாளத்துச் சமையல் வேலைக்காகத் தெலுங்குச் சீமையில் போலாரம் வந்தார். நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். பீப்பாய்களை இறக்குவது, லேபிளைப் பார்த்து அடுக்குவது, கேட்ட பிளாண்டுக்கு அனுப்புவது. காலையில் குடும்ப ஜெபம், ஞாயிறு ஆராதனை. குடி இல்லை, புகை இல்லை. கம்பெனியில் தெலுங்கு ஆட்கள் என்னைப் "பாஸ்டர் காரு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்ட மனிதனுக்குத் தப்புச் செய்வது எவ்வளவு சுலபம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சொல்கிறேன்.

எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. போலாரத்தில் கோயில், குடும்பங்களோ மௌலா அலி, ஜீடிமெட்லா என்று திசைக்கொன்றாக. அப்போதுதான் ஐ.டி. கம்பெனிகளில் வேலை கிடைத்துப் புதுப்புதுத் தமிழ்ப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை வீடுகளுக்கும் போய் ஜெபம் நடத்துவது, வியாதியஸ்தரைப் பார்ப்பது, போதகர் ஊரில் இல்லாவிட்டால் அடக்க ஆராதனை நடத்துவது எல்லாம் உபதேசியார் ஜெபசிங்கின் வேலை. மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. அதிலேயே சமையல், படிப்பு, படுக்கை. போதகராக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. இறையியல் கல்லூரிக்கு எங்கள் கமிட்டி சிபாரிசு செய்தால் போதும், அடுத்த வருஷம் போய்விடுவார். கமிட்டியும் வாக்குக் கொடுத்திருந்தது.

அவருக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தது எட்வர்ட் ஐயாவின் மகனால். எட்வர்ட் ஐயா எங்கள் கமிட்டியின் மூத்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஐ.டி.யில் இருந்தான், அமெரிக்காவுக்குப் போகும்போது தன் பெரிய வண்டியைச் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கோயில் வளாகத்துக்குக் கேட் கிடையாது. ஆகவே வண்டி தினமும் இரவில் என் வீட்டுக் காம்பவுண்டில் நிற்கும் என்று முடிவாயிற்று. அதனால் சாவியை அந்தப் பையன் என் கையில்தான் கொடுத்தான்.

"அங்கிள், இது ஹை கம்ப்ரெஷன் இஞ்சின். சாதாப் பெட்ரோல் ஒத்துக்காது. ப்ரீமியம்தான் போடணும். ஆக்டேன் நைன்ட்டி த்ரீயாவது இருக்கணும். மறந்துடாதீங்க."

ஆக்டேன் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையனிடம் போய்க் கேட்பதா என்று ஒரு கூச்சம். நானாகவே ஓர் அர்த்தம் செய்துகொண்டேன். தொண்ணூற்று மூன்று என்றால்... நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு சுத்தம்! வேறென்ன இருக்க முடியும்? எங்கள் ஸ்டோரில் எல்லாப் பீப்பாயிலும் அப்படித்தானே எண் போட்டிருக்கும்?

அந்த ஞாயிறே கமிட்டியில் விஷயத்தைச் சொன்னேன். எட்வர்ட் ஐயா சிரித்தார். ஊர் உருது கலந்துதான் அவர் பேச்சு.

"கைக்கு? எதுக்கு ப்ரீமியம்? போன மாசம் வரைக்கும் சைக்கிள்ல போன சபைப்பா இது! நான் குடிக்கிறதே ரேஷன் சக்கரை போட்ட டீ. வண்டிக்கு மட்டும் ஸ்பெஷலா? நக்கோ, வேணாம். எல்லாரும் போடற பெட்ரோலே போடட்டும்."

"உங்க மகன்தான் ஐயா சொன்னாரு..."

"அவன் அமெரிக்கா போறதுன்னு ஆனப்புறம் தண்ணியே பாட்டில்லதான் குடிக்கிறான். அவன் பேச்சை விடு."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெபசிங்கும் சிரித்தார். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஆண்டவருடைய ஊழியத்துக்குப் போகிற வண்டி. அதற்கு மட்டமானதையா கொடுப்பது? ஊனமில்லாததை அல்லவா படைக்க வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்... இதையாவது நம்புங்கள்.

எங்கள் ஸ்டோரில் ஹெப்டேன் என்று ஒரு கரைப்பான் வரும். மருந்துப் பொடியைக் கழுவுவதற்கு. தண்ணீர் மாதிரி, கண்ணாடி மாதிரி இருக்கும். நிறமில்லை, கசடில்லை. முகர்ந்தால் பெட்ரோல் வாசனைதான், ஆனால் மெலிதாக. பெட்ரோலின் அண்ணன் தம்பி என்று டிரைவர்கள் சொல்வார்கள். பீப்பாய் லேபிளில் தூய்மை என்ற இடத்தில் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருக்கும்.

தொண்ணூற்றொன்பது! பெட்ரோல் பங்கில் விற்கிற ப்ரீமியத்தைவிடவும் மேல் அல்லவா!

ஒரு வேலை முடிந்ததும் பீப்பாயின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதை ஒரு கேனில் பிடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்டில் எல்லாருடைய பையையும் திறந்து பார்ப்பார்கள். என் பையை மட்டும் பார்க்க மாட்டார்கள். வாட்ச்மேன் யாதகிரி சலாம் வைத்து, "பாஸ்டர் காரு, மா பாப கோசம் ப்ரேயர் செய்யண்டி" என்பான், தன் மகளுக்காக. நான் நின்று அவன் மகளுக்காக இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டு, திருடிய கேனோடு வெளியே வருவேன்.

திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. கழிவுக்குப் போகிற மிச்சம்தானே! தானே தனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் இருக்கிறதே... அதைப்போல இனிப்பான விஷம் வேறில்லை.

விடியற்காலையில், வீட்டார் எழும்முன், வண்டியின் தொட்டி மூடியைத் திறந்து ஊற்றுவேன். அவர் போட்டிருக்கும் பெட்ரோலில் கால்பங்கு இருக்கும். சில நாள் அதற்கும் மேல். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து குடும்ப ஜெபத்துக்கு உட்காருவேன். யாரிடமும் சொல்லவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது அல்லவா? ரகசியமாகக் கொடுத்தால் பலன் அதிகம் அல்லவா? அந்தப் பலன் கணக்கும் என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

சில வாரங்களில் ஜெபசிங் சொன்னார்.

"அண்ணன், வண்டியில ஒரு சத்தம் கேக்குது. மௌலா அலி ஏத்தத்துல ஏறும்போது தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி. இழுவையும் இல்ல."

"கியர் மாத்தத் தெரியணும் தம்பி. பெரிய வண்டி. சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிச்சா இப்படித்தான்."

"அப்படியா இருக்கும்?" என்றார் பாவம். "மெதுவாவே ஓட்டிப் பாக்குதேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? இஞ்சின் சிரமப்படுகிறதே, பங்குப் பெட்ரோல் அவ்வளவு மோசமா என்று எண்ணி... இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன்!

பிறகு அந்த நாள் வந்தது.

மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் எங்கள் சபையின் ஒரு மூதாட்டி இறந்துபோனார். எட்வர்ட் ஐயாவின் சொந்த அத்தை. போதகர் வெளியூரில் இருந்தார். அடக்க ஆராதனையை ஜெபசிங்தான் நடத்த வேண்டும். சவப்பெட்டி தயார், வண்டி தயார், சொந்தங்களெல்லாம் வெயிலில் காத்து நிற்கிறார்கள். உபதேசியாரைக் காணோம்!

ஏற்றத்தில் இஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஆளைத் தூக்கிப் போட்டிருந்தது. வெள்ளை அங்கி கிழிந்து, முழங்கையில் ரத்தம் வழிய, அந்தப் பாரமான வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சபையின் வண்டி, ரோட்டில் விட்டுவிட்டு வர மனமில்லை என்றார். அதற்குள் பக்கத்துச் சபைப் போதகர் ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்து அடக்கம் முடிந்திருந்தது.

"என் அத்தையை அநாதைப் பொணம் மாதிரி வெயில்ல போட்டு வச்சிட்டியே!" என்று எட்வர்ட் ஐயா எல்லார் முன்னிலையிலும் கத்தினார். ஜெபசிங் கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வண்டியைப் போலாரம் பஜாரில் ஒரு மெக்கானிக் பிரித்தான். நானும் எட்வர்ட் ஐயாவும் நின்றிருந்தோம். பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினான். தலையில் ஓட்டை! உருகி விழுந்த மாதிரி. தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினான்.

"பெட்ரோல் கலரே இல்லை சாப். இஸ்மே குச் மிலாயே, ஹவ்."

ஏதோ கலந்திருக்கிறார்கள் என்றான். என்ன கலப்பு என்று எட்வர்ட் ஐயா கேட்டார். தெரியாது என்று தோளைக் குலுக்கினான். சில பேர் மண்ணெண்ணெய் கலப்பார்கள், சில பேர் வேறு என்னவோ கலப்பார்கள் என்றான்.

என் கேன்தான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் நம்பவில்லை. தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தமான பொருள் எப்படிக் கெடுக்கும்?

மறுநாள் கம்பெனியில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்வப்னாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். நெல்லூர்ப் பெண், சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாக வரும்.

"ஏம்மா, நம்ம ஹெப்டேனை வண்டிக்குப் போட்டா எப்படி இருக்கும்? ப்ரீமியம் மாதிரி இருக்குமா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்கிள்! யாரு சொன்னா உங்களுக்கு? ஹெப்டேனுக்கு ஆக்டேன் ஜீரோ! அதை வச்சுதான் ஜீரோவையே ஆரம்பிப்பாங்க. இஞ்சின் வெடிக்கும், தெலுசா?"

"இல்லம்மா... தொண்ணூத்தொன்பதுன்னு போட்டிருக்கே..."

"அது தூய்மை அங்கிள். அதுல வேற எதுவும் கலக்கலைன்னு அர்த்தம். ஆக்டேன்ங்கறது வேற. நெருக்கினா தாங்குமா, அவசரப்பட்டுத் தானா வெடிக்குமான்னு பாக்கிறது. எவ்ளோ சுத்தமா இருந்தாலும் இது தாங்காது."

நான் சிரித்தேன். ஆம், அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்! பிறகு ஸ்டோருக்குள் போய்ப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரைக்கும் நான் செய்தது அறியாமை. ஒத்துக்கொள்கிறேன், திருட்டும் சேர்ந்த அறியாமை. ஆனால் அந்த நிமிஷத்துக்குப் பின்னால் நான் செய்தது எல்லாம் தெரிந்து செய்தது. நீங்கள் என்னை நியாயம் தீர்ப்பதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

சபைக்குள் பேச்சுப் பரவியிருந்தது. உபதேசியார் சபைக் காசில் போட்ட பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியிருக்கிறார்! யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடும், சிபாரிசைப் பற்றி அன்றைக்கே முடிவு என்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபசிங் என் வீட்டுக்கு வந்தார். முழங்கையில் கட்டு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எஸ்தர் டீ கொண்டுவந்து வைத்தாள். அதை அவர் தொடவில்லை.

"அண்ணன், நான் அப்படிச் செய்வேனா?"

"சேச்சே..."

"எங்க அப்பா பனையேறி என்னையப் படிக்க வச்சாரு. நான் போதகரா அங்கி போட்டு நிக்கறதப் பாக்கணும்னுதான் உசிரப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. இந்தப் பேரோட நான் ஊருக்குப் போக முடியாது அண்ணன். வண்டி உங்க வீட்டுலதான நிக்கி? தினமும் நீங்கதான பாக்கியோ? நாளைக்குக் கமிட்டியில நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க வார்த்தைய ஒருத்தரும் தட்ட மாட்டாவ."

உண்மைதான். என் வார்த்தையை ஒருவரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! "தம்பி, அது நான்தான்" என்பதற்கு மூன்றே சொல் வேண்டும். ஆனால் கண்முன் வந்ததெல்லாம் கம்பெனி கேட். யாதகிரியின் சலாம். திருடன் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் மகள் காலேஜ்... அதைவிட, அதைவிட... ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் என் இடம்!

என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வாங்க தம்பி, ஜெபம் பண்ணுவோம்."

முழங்காற்படியிட்டோம். அவர் தலையில் கை வைத்தேன். வெகுநேரம் ஜெபித்தேன். 'ஆண்டவரே, குற்றமற்ற இந்தப் பிள்ளையை உம்முடைய சிறகுகளுக்குள் மறைத்துக்கொள்ளும். உண்மையை நீரே வெளியே கொண்டுவாரும்' என்று கதறினேன். கண்ணீர் பெருகியது. அது நடிப்பில்லை; நிஜக் கண்ணீர்! அதுதான் கொடுமை. உண்மையை வெளியே கொண்டுவரும்படி யாரிடம் கேட்கிறேன்? அது என் தொண்டையில்தானே உட்கார்ந்திருக்கிறது?

அவரும் அழுதார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பம் மனசு லேசா இருக்கு அண்ணன்" என்றார். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

குடிகாரன் குடியில் ஒளிந்துகொள்வான். நான் ஜெபத்தில் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் கமிட்டி. ஜெபசிங்கை வெளியே நிற்கச் சொன்னார்கள். எட்வர்ட் ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ அவன் ரூமுக்குப் போயிருக்கே இல்ல? சமையலுக்கு என்ன வச்சிருக்கான்?"

"ஸ்டவ்தான் ஐயா."

"கேஸா?"

"மண்ணெண்ணெய் ஸ்டவ் ஐயா."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அங்கே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள்! கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொன்னேன். உண்மையை வைத்தே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

போதகர் மட்டும் தயங்கினார். "கண்ணால பார்த்த சாட்சி இல்லையே" என்றார். சிபாரிசை நிறுத்தி வைத்து, உபதேசியாரை வேலையிலிருந்து விடுவிப்பது என்று தீர்மானம் வந்தது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

தூக்கினேன். எந்தக் கை தெரியுமா? முந்தின நாள் அவர் தலையில் வைத்த கை.

அவர் ஊருக்குப் போனார். போதகர் ஆகவில்லை. பெயர் அவருக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா சில மாதங்களில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு சிமெண்டுக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள்.

நான் ஹெப்டேன் எடுப்பதை நிறுத்தினேன். வேலை நிலைத்தது. மகள் படித்து, மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனாள். நான் கமிட்டிச் செயலாளரும் ஆனேன். கேட்டீர்களா? செயலாளர்!

வருஷங்கள் போயின. சபையில் ஒவ்வொரு முறை பாவ அறிக்கை சொல்லும்போதும் எல்லாரோடும் சேர்ந்து நானும் சொல்வேன். பொதுவான பாவங்கள், பொதுவான வார்த்தைகள், பொதுவான மன்னிப்பு. வெளியே வந்தால் பிரியாணி பற்றிப் பேசுவோம். என்னுடையது மட்டும் அந்தக் கூட்டத்தில் கரையாமல் தனியே நின்றது.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டேன். சாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற பயம் பிடித்தது. அவருடைய எண்ணைத் தேடி வாங்கி, எஸ்தர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போன் செய்தேன்.

"அண்ணனா!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். பின்னால் லாரி இறக்குகிற சத்தம். "சுகமா இருக்கீங்களா? அக்கா எப்படி இருக்காவ? பாப்பா?"

"தம்பி... அந்த வண்டி விஷயமா ஒண்ணு..."

"அத விடுங்க அண்ணன். யாரு கலந்தாவளோ, பங்குக்காரனோ என்னமோ. நான் ஒண்ணே ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஊருல ஒருத்தரும் என்னைய நம்பல. எங்க அப்பா சாகுற வரைக்கும் நம்பல. முகத்தத் திருப்பிக்கிட்டேதான் போனாரு. ரெண்டு மூணு தடவ தண்டவாளம் வரைக்கும் போயிருக்கேன் அண்ணன். அப்பல்லாம் உங்க கை என் தலையில இருந்தது ஞாபகம் வரும். குற்றமற்ற பிள்ளைன்னு சொல்லி அழுதீங்களே... ஒரு மனுசன் என்னைய நம்பி எனக்காக அழுதாருல்லா. அதப் புடிச்சுக்கிட்டுதான் திரும்பி வந்தேன். இன்னைக்கும் அதுதான் எனக்கு."

எஸ்தர் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தேன்.

"அண்ணன்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"எதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல... நல்லாருங்க."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நம்பி அழுத அந்த ஒரு மனுசன்தான் குற்றவாளி என்று சொல்லி, அவர் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கொம்பையும் ஒடித்திருக்க வேண்டுமா? அவருக்காகத்தான் மௌனமாக இருந்தேனா? இல்லை... இந்தத் தடவையும் எனக்காகத்தானா? எனக்கே தெரியவில்லை. இரக்கம் என்று நினைத்துத் தொட்டால் கோழைத்தனமாக இருக்கிறது. கோழைத்தனம் என்று தள்ளினால் இரக்கம் மாதிரி தெரிகிறது. பிரித்துப் பார்த்துச் சொல்ல எனக்கு அறிவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அவருடைய பெயர் இன்னும் கறைபட்டே கிடக்கிறது. போலாரத்தில் இன்றைக்கும் யாராவது அவர் பேச்சை எடுத்தால், "அந்த மண்ணெண்ணெய் உபதேசியாரா?" என்றுதான் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. மறுத்துச் சொல்வதுமில்லை.

தினமும் காலையில் குடும்ப ஜெபம் நான்தான் ஏறெடுக்கிறேன். மகள், மருமகன், சபை, நோயாளிகள் என்று வரிசையாகப் பெயர் சொல்லி வருவேன். ஜெபசிங்கின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் நின்றுபோகிறது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு, ஆமென் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.